இரண்டரைச் சுற்று

சாவியைத் திருப்பி வெளியே உருவிய பிறகும் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு எண்ணி முடித்த பிறகுதான் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, மனமில்லாமல் அடங்கியது. பட்டறையின் உள்ளே ஒரு சக்கரத்தின் மேல் குனிந்திருந்த கருக்கி நிமிரவில்லை. ஆனால் காது அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய டீசல் வண்டி. சாவியை எடுத்தும் நிற்கவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. இதை அவன் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பால் பொங்கும் சத்தம் வீட்டுக்காரிக்குக் கேட்பதுபோல அவனுக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

கதவு திறந்து மூடியது. பிறகு வண்டியின் கூரைமேல் மோதிரத்தால் இரண்டு தட்டு. டொக், டொக்.

கருக்கியின் கையிலிருந்த ஸ்பேனர் நட்டிலிருந்து வழுக்கி விரல் முட்டியில் பட்டது. தோல் உரிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு தட்டை அவன் பத்தொன்பது வருஷத்துக்கு முன் தினமும் கேட்டிருக்கிறான். வெள்ளை ஓடு பதித்த அந்தப் பெரிய சர்வீஸ் சென்டரில், ஒரு வண்டி முடிந்தால் மேனேஜர் வந்து கூரையில் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். முடிந்தது, அடுத்ததை ஏற்று என்று அர்த்தம். கடைசியாக அந்தத் தட்டு விழுந்தது வண்டிமேல் அல்ல, அவன் மேல்.

"யாருப்பா இங்க கருக்கிங்கறது?"

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. முடி முழுக்க வெளுத்து, முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மோதிரம் அதேதான். கருக்கி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய் எதிரில் நின்றான். முகத்தை நன்றாகக் காட்டிக்கொண்டுதான் நின்றான். மேனேஜர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வழிப்போக்கனைப் பார்க்கிற பார்வை.

"நான்தான் சார்."

"எல்லாரும் உன்னத்தான் சொல்றாங்க. பழைய டீசல், ஆட்டோமேட்டிக்னா கருக்கிகிட்டப் போங்கன்னு. அது என்னப்பா பேரு, கருக்கி?"

"யாரோ வச்சாங்க சார்."

"சமையல்ல எதையாவது கருக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் தானே சிரித்துக்கொண்டார்.

பேரை வைத்தவருக்கே மறந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவன் மனத்துக்குள் அவரோடு எத்தனையோ முறை பேசியிருக்கிறான். விதவிதமாகத் திட்டியிருக்கிறான். அப்படித் திட்டும்போதுகூட 'அவர்' என்றுதான் வரும், 'அவன்' என்று வராது. அது வேறு அவமானம். அந்தப் பேச்சுகளில் எல்லாம் மேனேஜர் பதில் சொல்வார், மழுப்புவார், சில நாள் அழவும் செய்வார். ஒருநாளும் 'நீ யார்' என்று கேட்டதில்லை.

"என்ன பிரச்சினை சார்?"

"கியர் மாறும்போது உதைக்குது. ஒண்ணுலருந்து ரெண்டு, ரெண்டுலருந்து மூணு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாலருந்து யாரோ பிடரில போடற மாதிரி. வீட்டம்மா ஏறவே மாட்டேங்கறா. வேற ஒண்ணும் இல்ல. என்ஜின் நிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அத விடு. பின் கதவு ஒண்ணு பூட்டாது, அதையும் விடு. கியர மட்டும் பாரு."

மூன்று நோயைச் சொல்லிவிட்டு இரண்டை விடச் சொல்கிறார். கருக்கிக்கு உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக எழுந்து உட்கார்ந்தது.

இதை விளங்கிக்கொள்ள அந்த வண்டிக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் மூச்சுத் திணறித்தான் ஓடும். காற்று போகும் வழியில் ஒரு கதவு இருக்கிறது. அந்தத் திணறலில் உறிஞ்சும் விசை தானாகவே உண்டாகும். டீசலுக்கு அந்தக் கதவு கிடையாது. வாய் பிளந்து தாராளமாக மூச்சு விடும், எதையும் உறிஞ்சாது. அதனால் அந்தக் காலத்தில் வண்டி செய்தவர்கள் என்ஜினின் முகப்பில் ஒரு சின்ன பம்பை வைத்தார்கள். உறிஞ்சுவது ஒன்றுதான் அதன் வேலை. பட்டறைக்காரர்கள் அந்த விசையை வேக்குவம் என்பார்கள். பென்சில் கனமுள்ள குழாய்கள் வழியாக அந்த வேக்குவம் வண்டி முழுக்க ஓடும். சாவியை அணைத்தால் டீசலை நிறுத்துவது அது. நான்கு கதவையும் ஒரே நேரத்தில் பூட்டுவது அது. மூன்றாவதாக, கியர்பாக்ஸுக்குச் சேதி சொல்வதும் அதுதான்.

கியர்பாக்ஸுக்குக் கண் கிடையாது. ஓட்டுகிறவரின் கால் மெல்லப் பதிந்திருக்கிறதா, ஓங்கி மிதித்திருக்கிறதா என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். கால் மெல்ல இருந்தால் வேக்குவம் நிறைய வரும். சரி, அவசரமில்லை என்று அது பூப்போல கியர் மாற்றும். கால் அழுத்தினால் வேக்குவம் குறையும். பாரம் ஏறுகிறது, கெட்டியாகப் பிடி என்று அர்த்தம். குழாய் எங்காவது கசிந்தால் வேக்குவம் எப்போதும் குறைவாகத்தான் போய்ச் சேரும். காலை எடுத்தாலும் சரி, வைத்தாலும் சரி, யாரோ பேயாக மிதிக்கிறார்கள் என்று நினைத்து அது ஒவ்வொரு கியரையும் அடித்து அடித்து மாற்றும். கியர்பாக்ஸில் தவறே இல்லை. அதற்குச் சொல்லப்படும் சேதிதான் பொய்.

கருக்கி வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். பக்கத்து இருக்கையில் மேனேஜர் ஒவ்வொரு உதைக்கும் "பாத்தியா, பாத்தியா" என்று சாட்சி கேட்டுக்கொண்டே வந்தார். திரும்பி வந்ததும் என்ஜின் ஓடும்போதே கியர்பாக்ஸின் ஆயில் கம்பியை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தான். சிவப்பு. மாதுளை முத்தின் சிவப்பு; உள்ளே கருகினால்தான் இது பழுப்பாகும். மூக்கருகே கொண்டுபோனான்; கருகல் வாடை துளியும் இல்லை. துணியைச் சுவரில் ஆணியில் மாட்டினான். கியர்பாக்ஸ் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. மேனேஜரை நாற்காலியில் உட்கார வைத்துச் செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு, கையளவு பம்பும் முள்ளும் உள்ள கேஜை எடுத்துக் குழாயில் மாட்டினான். ஒவ்வொரு கிளைக் குழாயாக விரலால் நெரித்துப் பார்த்தான். கதவுகளுக்குப் போகும் குழாயை நெரித்ததும் கிடந்த முள் எழுந்து நின்றது. அதன்பின் நான்கு கதவில் எது என்று பார்க்க ஐந்து நிமிஷம். இடப்பக்கப் பின் கதவு. அவர் 'அதையும் விடு' என்ற அதே கதவு.

அங்கிருந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவன் மனைவி உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போனான். உதிரிப் பாகங்களும், செய்த வேலையை எழுதிவைக்கும் ஜாப் கார்டுகளும் அவள் ராஜ்ஜியம். அவள் விரலைப் பார்த்தாள்.

"ரத்தம் வருது. என்ன பண்ணிக்கிட்டீங்க?"

"வந்திருக்கிறது யாருன்னு தெரியுதா?"

"யாரு?"

"மோதிரம்."

அவள் பேனா நின்றது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். பின்னே, அந்தப் பேரோடுதானே அவளும் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. ஒரு பெரிய மில்காரரின் கறுப்பு வண்டி, இதே உதை. முதலில் கசிவைத் தேடலாம் சார் என்று அவன் சொன்னான். கசிவைத் தேடினால் இரண்டு நாள் ஆகும், திருகினால் இரண்டு நிமிஷம் என்றார் மேனேஜர். கியர்பாக்ஸின் விலாவில் ஒரு தகர டப்பா உண்டு. வேக்குவம் வந்து சேருகிற இடம் அதுதான். அதன் ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு சிறகுள்ள சின்னத் திருகு. ஸ்பேனர்கூட வேண்டாம், விரலே போதும். அதுதான் அதன் ஆபத்து. இடப்பக்கம் திருப்பினால் கியர்பாக்ஸ் மெத்தென்று மாறும், வலப்பக்கம் திருப்பினால் கெட்டியாகப் பிடிக்கும். மேனேஜர் இடப்பக்கம் இரண்டரைச் சுற்றுக் கொடுத்தார். உதை போயிற்று. மில்காரர் கைகுலுக்கிவிட்டுப் போனார். இரண்டு நிமிஷ வேலை என்பதால் அந்தத் திருகலை அங்கே யாரும் ஜாப் கார்டில் எழுதுவதில்லை.

பத்து நாள் கழித்து அதே வண்டி கதவுப் பூட்டுக்காக வந்தது. கார்டு கருக்கியிடம் வந்தது. அவன் கதவைப் பிரித்து, கிழிந்த ரப்பரை மாற்றி, கசிவை அடைத்து, ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்தான். நாற்பதாவது நாள் அந்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கியர்பாக்ஸ் கருகிப்போயிருந்தது. மேனேஜர் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார். கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று கார்டைப் பார்த்தார். ஆயில் கம்பியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாரு. நீ சமைச்சதுதான். இனிமே உன் பேரு கருக்கி." வரிசை சிரித்தது. தோளில் மோதிரத்தால் இரண்டு தட்டு. டொக், டொக். அன்று மாலையே சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பின் எந்தப் பட்டறையும் அவனை கியர்பாக்ஸ் பக்கம் விடவில்லை. சொந்தமாக இந்தப் பட்டறையைப் போடும்வரை எட்டு வருஷம் பஞ்சர் ஒட்டினான். பேர் மட்டும் அவனுக்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மகனைப் பள்ளியில் சின்னக் கருக்கி என்று கூப்பிட்டார்கள். இதைவிடக் கொடுமை, அந்த எட்டு வருஷமும் தான்தான் எதையோ தவறாகச் செய்துவிட்டோம் என்று அவனே நம்பியது. ஒருநாள் மத்தியானம் ஒரு ட்யூபில் ஓட்டையைத் தேடித் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பளிச்சென்று புரிந்தது. கசிவு இருந்த வண்டியில் திருகை மென்மைப் பக்கம் திருப்பினார்கள். அதன்பின் கசிவை அடைத்தது நான். மென்மைக்கு மேல் மென்மை. கியர்பாக்ஸுக்குள் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஓங்கிப் பிடித்தால் சட்டென்று கவ்விக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உதைக்கும். மெத்தெனப் பிடித்தால் கவ்வாமல் வழுக்கும், உரசும், சூடேறும். வழுக்கல் ஓட்டுகிறவருக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் தட்டுகளைக் கருக்கும். ட்யூபிலிருந்து குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அவன் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி இப்போது.

"அவரு கேட்டதச் செய்யப் போறேன். கசிவு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன். ஆனா மொதல்ல அவரு கையாலயே திருகட்டும். அப்புறம் நான் கதவச் சரி பண்ணிக் குடுக்கறேன். பூட்டு ரிப்பேர். அவ்வளவுதான்."

அவள் மெக்கானிக்கின் மனைவி. ஒரு கணத்தில் பிடித்துக்கொண்டாள். உதட்டோரம் ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

"கையெழுத்த நான் வாங்கறேன்," என்றாள்.

கருக்கி வெளியே வந்தான். நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அதே வார்த்தையை அதே மாதிரி ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"சார், மொதல்ல லீக் இருக்கான்னு பாத்துடலாமா?"

செய்தித்தாளுக்கு மேலாக மேனேஜர் பார்த்தார். "லீக் தேடினா ரெண்டு நாள் ஆகும்ப்பா. திருகினா ரெண்டு நிமிஷம். நான் இந்தத் தொழில்ல இருபத்தெட்டு வருஷம் இருந்தவன். அந்த டப்பா இருக்கு பாரு, அதத் திருகியே ஆயிரம் வண்டி அனுப்பியிருக்கேன். முதுகு வளையல, அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

"வளைய வேண்டாம் சார். ராம்ப்ல ஏத்திடறேன். நின்னுக்கிட்டே நீங்களே திருகலாம். உங்க கை பழகின கை. எனக்கும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

மேனேஜரின் முதுகே கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. சட்டைக் கையை மடித்தார்.

ராம்ப் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கியது. கருக்கி விளக்கைப் பிடித்தான். மேனேஜர் அண்ணாந்து, டப்பாவின் ரப்பர் மூடியைக் கழற்றி, சிறகுத் திருகை விரலால் இழுத்தார். ஒன்று. இரண்டு. கொஞ்சம் யோசித்து இன்னொரு அரை. யாரோ எழுதிவைத்ததைப் படித்துச் செய்கிற மாதிரி அதே இரண்டரை.

"போதும். அளவெல்லாம் கைக்கே தெரியும்ப்பா," என்றார் மேனேஜர்.

இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். இந்த முறை மேனேஜரே ஓட்டினார். படகு கரையை விட்டு நகர்வதுபோல ஒவ்வொரு கியரும் மாறியது. கசிவு ஒரு பக்கம் இழுக்க, திருகு இன்னொரு பக்கம் இழுக்க, இரண்டு பொய்யும் சேர்ந்து இப்போதைக்கு ஒரு உண்மை மாதிரி நின்றது. இப்படியே விட்டால்கூட வண்டி ஓடும். மேனேஜர் சிரித்துச் சிரித்து வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு வந்ததும் மனைவி கார்டை நீட்டினாள்.

"எங்க கடையில யாரு கை வச்சாலும் அவங்கதான் எழுதணும் சார். ஒரு சுத்தா இருந்தாலும் சரி. கஸ்டமரா இருந்தாலும் சரி."

"நல்ல பழக்கம்மா. எங்க காலத்துல இதெல்லாம் இல்ல." அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: கியர்பாக்ஸ் திருகு, இடப்பக்கம் இரண்டரைச் சுற்று, செய்தது நான். கீழே கையெழுத்து. தேதி. கைபேசி எண். மனைவி அதை வாங்கி, மை காயட்டும் என்று ஊதினாள்.

"அந்தக் கதவையும் பாத்துடறேன் சார். வீட்டம்மா உக்காரப்போற வண்டி, பூட்டாம இருக்கக் கூடாது," என்றான் கருக்கி.

"பாரு, பாரு. இப்பத்தான் மனசு நல்லாருக்கு."

கதவின் உட்பலகையைக் கிளிப் கிளிப்பாக நெம்பி எடுத்தான். உள்ளே தூசி, ஒரு பழைய முடி ஊசி, காய்ந்த கிரீஸ். பூட்டை இழுக்கும் ரப்பர் பை உள்ளங்கை அளவில் இருந்தது. அதன் விளிம்பு வெடித்திருந்தது. வழக்கமாக அதன் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். இதில் வளையம் இல்லை. செம்புக் கம்பி. மின்சார வயரிலிருந்து உருவிய மூன்று இழை, மூன்று முறுக்கு, நுனி யார் விரலையும் கிழிக்கக் கூடாதென்று உள்பக்கம் மடித்துவிடப்பட்டிருந்தது.

கருக்கி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. தேவையில்லை. சொந்தக் கையெழுத்தை யாராவது எழுத்துக்கூட்டிப் படிப்பார்களா? அன்று ஸ்டோரில் வளையம் இல்லை. வளையம் வரட்டும் என்று காத்திருந்தால் தாமதம் என்று திட்டுவார்கள். அதனால் கம்பியைக் கட்டினான். நுனியை மடித்துவிட்டது அப்பாவிடம் பழகிய பழக்கம், கம்பி எதுவானாலும் நுனியை மடி என்பார். கறுப்பு வண்டி எப்படி இந்தச் சாம்பல் நிறத்துக்கு வந்தது? கதவின் இடுக்கில் நகத்தால் சுரண்டினான். சாம்பலுக்குக் கீழே கறுப்பு.

"சார், இந்த வண்டிய எப்ப வாங்கினீங்க?"

"அது ஒரு கத," என்று மேனேஜர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனநிலையில் இருந்தார். "இது ஒரு மில்காரரோடது. கியர்பாக்ஸ் எரிஞ்சுபோச்சு. அந்த மனுஷன் கோவத்துல, இந்தச் சனியன இனிமே கண்ணால பாக்க மாட்டேன்னுட்டாரு. பழைய இரும்புக்குப் போட வேண்டியது. சரி நானே எடுத்துக்கறேன் சார்னு வாங்கிக்கிட்டேன். எங்க சென்டர்லயே ஒரு கியர்பாக்ஸ் சும்மா கெடந்தது. தூக்கி மாட்டி, பெயின்ட் அடிச்சேன். பத்தொன்பது வருஷம் ராஜா மாதிரி ஓடிக்கிட்டிருக்கு."

"எப்படி எரிஞ்சுது சார்?"

"எவனோ ஒரு பையன் சொதப்பிட்டான்."

"எந்தப் பையன்?"

"யாருக்குத் தெரியும்? வருவானுங்க, போவானுங்க." மேனேஜர் கொட்டாவி விட்டார். "எல்லாம் நல்லதுக்குத்தான். அவன் சொதப்பலன்னா எனக்கு இந்த வண்டி ஏது?"

கருக்கியின் விரல்கள் கம்பியின் முறுக்கின்மேலேயே இருந்தன. அவர் வேண்டுமென்றே செய்தாரா, இல்லை நடந்ததில் குளிர் காய்ந்தாரா என்று கேட்கலாமா என்று நினைத்தான். எதுவாக இருந்தால் என்ன. எட்டு வருஷம் அவன் குனிந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த தெருவில், இந்த வண்டி எத்தனை முறை அவனைத் தாண்டிப் போயிருக்குமோ. ஒருவேளை இதற்கே காற்று அடித்தும் கொடுத்திருப்பானோ என்னவோ. இதுவரை அவன் கோபத்துக்கு ஒரு வடிவம் இருந்தது, ஒரு எல்லை இருந்தது. இப்போது எல்லையைக் காணவில்லை.

புது ரப்பரை எடுத்தான். புது வளையத்தைப் போட்டு இறுக்கினான். இவ்வளவு சுத்தமாக ஒரு பூட்டை அவன் பொருத்தியதில்லை. உட்பலகையை மாட்டி, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். பழைய ரப்பரைக் கம்பியோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கேஜில் முள் கம்பீரமாக நின்றது. கசிவு அடைபட்டுவிட்டது. திருகு மட்டும் இடப்பக்கம் இரண்டரைச் சுற்றில் தனியாக நிற்கிறது.

"சார், ஒருதடவ நீங்களே பாத்துடுங்க."

மேனேஜர் ஏறி என்ஜினை ஓடவிட்டார். இறங்கிக் கதவைப் பூட்டிப் பார்த்தார். நான்கு கதவும் ஒரே சத்தத்தில் இறங்கின, டப் என்று. மறுபடி ஏறிச் சாவியை அணைத்தார். என்ஜின் அந்த நொடியே நின்றது. ஒன்று என்று எண்ணக்கூட நேரமில்லை.

கருக்கி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. இந்தத் தொழிலில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவருக்கு வண்டியே நேரில் சொல்லிவிட்டது. கதவு சரியானது, அணைப்பு சரியானது. இரண்டும் ஒரே குழாய். அப்படியானால் கசிவு இருந்திருக்கிறது, இப்போது இல்லை. அப்படியானால் நான் திருகியது தப்பு, திருப்பிவிடு. இவ்வளவுதான். இந்த நான்கு வரியை அவர் சொல்லிவிட்டால் ராம்பில் ஏற்றி, தன் கையாலேயே வலப்பக்கம் இரண்டரைச் சுற்று சுற்றிக் கொடுப்பது என்று அவன் தனக்குத் தானே வாக்குக் கொடுத்திருந்தான்.

மேனேஜரின் புருவம் சுருங்கியது. சாவியைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"என்னப்பா இது? டக்குன்னு நின்னுடுச்சு."

"ஆமா சார்."

"முன்னெல்லாம் நாலு எண்ணணும்."

"ஆமா சார்," என்றான் கருக்கி மறுபடியும். அவன் இவ்வளவு பொறுமையாக யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

மேனேஜர் ஏதோ நினைப்பதுபோல இருந்தது. பிறகு முகம் விரிந்தது. "ராசியான கைப்பா உனக்கு. ஒண்ணத் தொட்டா மூணு சரியாவுது." ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கூரைமேல் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக்.

வண்டி தெருவில் இறங்கியது. கருக்கியும் மனைவியும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒன்றிலிருந்து இரண்டு, சத்தமே இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது என்ஜின் குரல் ஒரு கணம் காரணமில்லாமல் மேலே ஏறியது. கால் எதையும் மிதிக்காமல் காற்றில் நிற்கிற ஒரு கணம். பிறகு வழுக்கி இறங்கி, சுகமாகப் போயிற்று. தெருவில் அதைக் கேட்டது அவர்கள் இரண்டு பேர்தான்.

"எத்தன நாளு?" என்றாள் மனைவி.

"மெதுவா ஓட்டினா மூணு மாசம். மேடா ஏத்தினா ஒரு மாசம்."

அவள் கார்டைக் கையில் வைத்திருந்தாள். குண்டு எழுத்துகளை ஒருமுறை படித்தாள். சட்டகம் போட்டு மாட்டலாம் என்று கையெழுத்து வாங்கும்போது நினைத்திருப்பாள். இப்போது அவள் கட்டைவிரல் கீழே இருந்த கைபேசி எண்ணின்மேல் இருந்தது.

"இன்னிக்கே கருகிடாது இல்ல?"

"கருகாது. நாளைக்கும் கருகாது. ஒரு போன் போட்டா, ரெண்டு நிமிஷத்துல திருப்பிடலாம்."

"அப்ப நாளைக்கும் இதையே நெனச்சுக்கிட்டிருக்கணும்."

"ஆமா."

"நாளான்னைக்கும்."

அன்று மேனேஜருக்கு எல்லாம் எவ்வளவு லேசாக முடிந்தது, ஒரு திருகு, ஒரு தட்டு, அப்புறம் மறதி. அவனுக்கு மறக்க வராது. ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து, இன்றைக்கும் சொல்லப் போவதில்லை என்று புதிதாக முடிவு செய்ய வேண்டும். அப்படித் தொண்ணூறு முறை. பேர் வைத்து இத்தனை வருஷம் ஆகிறது, அவன் கையால் இதுவரை ஒரு கியர்பாக்ஸ்கூடக் கருகியதில்லை.

சட்டைப்பையிலிருந்து பழைய ரப்பரை எடுத்தான். கம்பியை அவிழ்க்க நகத்தால் முயன்றான். மூன்று முறுக்கு, நுனி உள்ளே மடிந்திருந்தது. அவன் போட்ட முடிச்சு அவனுக்கே பிடிகொடுக்கவில்லை.

உள்ளே அடுத்த வண்டி காத்திருந்தது. மனைவி கார்டை டிராயரில் போடவில்லை. மேசைமேல், கைபேசிக்குப் பக்கத்தில், எழுத்து தெரிய வைத்தாள். அவன் துடைக்கத் துணி தேடிச் சுவரைப் பார்த்தான். ஆணியில் காலையில் மாட்டிய வெள்ளைத் துணி இருந்தது. ஆயில் கம்பியின் சுவடு நடுவில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பாக, இன்னும் ஈரமாக. வாசல் வெயில் தரையில் ஊர்ந்து சுவரின் அடிவரை வந்துவிட்டிருந்தது. கருக்கி அந்தத் துணியை விட்டுவிட்டு வேறு துணியை எடுத்தான். குனிந்து வேலையைத் தொடங்கினான். அவ்வப்போது தலையைத் தூக்கி, அந்தச் சிவப்பு ஓரத்திலிருந்து பழுப்பாகிறதா என்று பார்த்துக்கொண்டான்.